சொட்டட்டும், விடுங்கள்

கிளாண்டு சொட்டினால் அது பழுது என்று நம்மூரில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். கேணி மோட்டார் கொட்டகைக்குள் நுழைவார்கள், பம்பின் சாப்ட்டு ஓரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதைப் பார்ப்பார்கள், உடனே ஸ்பேனரை எடுத்து இரண்டு நட்டையும் முறுக்குவார்கள். சொட்டு நிற்கும். வேலை முடிந்தது என்று துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போவார்கள். என் கருத்து இதற்கு நேர் எதிர். ஓடும்போது சொட்டாத கிளாண்டுதான் பழுதான கிளாண்டு. இன்றைக்குப் பழுதாகவில்லை என்றால் அடுத்த மாதம் ஆகும்.

கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பச்சைமலையைப் பார்த்தபடி வேப்பந்தட்டையில் உட்கார்ந்திருக்கிற ஒரு ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு இதில் என்ன பேச்சு என்று கேட்பீர்கள். நான் பிறந்தது காரைக்கால். வேப்பந்தட்டை என் மனைவியின் ஊர். உத்தியோக காலத்தில் பல வருடங்கள் விசைப்படகுகள் சம்பந்தமான கோப்புகள் என் மேசையைத் தாண்டித்தான் போயின. கிளாண்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் படகில் கற்றது. கேணிக்கு அது அப்படியே பொருந்துகிறது.

முதலில் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். படகில் இன்ஜின் உள்ளே இருக்கிறது, காத்தாடி வெளியே தண்ணீருக்குள் இருக்கிறது. இரண்டையும் இணைக்கிற சாப்ட்டு படகின் உடம்பைத் துளைத்துக்கொண்டுதான் போயாக வேண்டும். அதாவது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வேண்டுமென்றே ஒரு ஓட்டை போடுகிறோம். அந்த ஓட்டைக்குள் சாப்ட்டு சுற்றவும் வேண்டும், கடல் உள்ளே வராமலும் இருக்க வேண்டும். தூத்துக்குடித் தோணிகள் பாய் மட்டும் விரித்துச் சரக்கு ஏற்றிப்போன காலத்தில் இந்தக் கவலை கிடையாது. பலகை இடுக்குகளில் நாரும் பஞ்சும் திணித்துக் கலப்பத்து அடித்துவிட்டால் போதும். பிற்பாடு அதே தோணிகளுக்கு இன்ஜின் வைத்தார்கள். இன்ஜின் வந்ததும் ஓட்டையும் வந்தது, ஓட்டையோடு கிளாண்டும் வந்தது.

இதற்கு ஆங்கிலத்தில் ஸ்டஃபிங் பாக்ஸ் என்று பெயர். பிரெஞ்சில் ‘பிரெஸ்-எத்தூப்’. 1962 ஆகஸ்ட் 16இல் பிரெஞ்சு ஆட்சி சட்டப்படி முடிந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஆட்சி போனாலும் என் பள்ளிப் படிப்பு கடைசி வரை பிரெஞ்சிலேயே ஓடியது. அதனால் இன்றைக்கும் சில பொருள்களுக்கு அந்தப் பெயர்தான் முதலில் வாயில் வருகிறது. ‘எத்தூப்’ என்றால் சணல், ஆளி போன்றவற்றின் முரட்டு நார். ‘பிரெஸ்’ என்றால் அமுக்குவது. நாரை அமுக்குகிற சாமான், அவ்வளவுதான். எனக்கு இந்தப் பெயர் பிடிக்கும், ஏனென்றால் உள்ளே இருப்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. ‘சீல்’ என்று சொன்னவுடன் கருவூலத்தில் அரக்கு வைத்த பை மாதிரி, ஒரு பொட்டு உள்ளே போகாது வெளியே வராது என்று நினைத்துக்கொள்கிறோம். அது அப்படிப்பட்ட சாமான் இல்லை. சுற்றுகிற இரும்பைச் சுற்றி நார்க்கயிற்றை வளையம் வளையமாக அடுக்கி, மேலே ஒரு நட்டால் அமுக்கி வைத்திருக்கிறோம். அந்தக் கயிறு கொழுப்பில், மெழுகில், கிரீஸில் ஊறியது. இப்போது டெஃப்லான் ஊட்டியதும் கிராபைட் ஊட்டியதும் வருகின்றன. எதுவானாலும் கயிறு கயிறுதான். உலர்ந்த கயிறு நாள் முழுக்கச் சுற்றுகிற இரும்பை உரசினால் என்ன ஆகும்? கிணற்று ராட்டினத்தில் இறைத்த கைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே அந்தச் சொட்டுத் தண்ணீர் வீணாகப் போகிற தண்ணீர் இல்லை. கயிறுக்கும் சாப்ட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய படலமாக நின்று வழுக்கல் கொடுப்பது அதுதான், சூட்டைக் கொண்டுபோவதும் அதுதான். நட்டை இறுக்கி அதை நிறுத்தினால் கயிறு கருகுகிறது, கருகி இறுகுகிறது, இறுகிய கயிறு அரம் மாதிரி சாப்ட்டைத் தேய்த்துப் பள்ளம் போடுகிறது. பள்ளம் விழுந்த பிறகு தண்ணீர் கூடுதலாக வரும். வந்தால் என்ன செய்வோம்? மறுபடி முறுக்குவோம். கேணிப் பம்பில் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு ஸ்லீவ் இருக்கும், அதைக் கழற்றி மாற்றிவிடலாம். படகில் சாப்ட்டையே வெளியே உருவ வேண்டும், அதற்குப் படகைக் கரையேற்ற வேண்டும்.

எவ்வளவு சொட்டலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. படகில் சாப்ட்டு சுற்றும்போது நிமிடத்துக்கு இரண்டு அல்லது மூன்று சொட்டு. நின்றபிறகு நின்றுவிட்டால் நல்லது. கேணிப் பம்புக்கு இன்னும் தாராளம், வினாடிக்கு ஒரு சொட்டு வரை போகலாம். குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? ஒரு மில்லிக்கு இருபது சொட்டு என்று வைத்துப் பெருக்கிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 3 சொட்டு என்றால் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு 216 மில்லி, அதாவது ஒரு டம்ளர். அதுவும் சாப்ட்டு இரவு பகலாகச் சுற்றினால்தான். கேணியில் வினாடிக்கு ஒரு சொட்டு என்று ஆறு மணி நேரம் ஓடினால் ஒரு லிட்டரும் கொஞ்சமும். அதே ஆறு மணி நேரத்தில் பம்பு எத்தனை ஆயிரம் லிட்டர் வயலுக்கு இறைத்திருக்கும்! அந்த ஒரு செம்புத் தண்ணீருக்காக ஸ்லீவைப் பலி கொடுக்கிறோம்.

என் மனைவியின் தம்பி வெங்காயம் போடுகிறவர். அறுபதைத் தாண்டிவிட்டார், இன்னும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார். “சொட்டினா ஈரமாவுது மாமா, கொட்டகையெல்லாம் சேறு” என்பது அவருடைய வழக்கு. சேறு ஆகிறது என்றால் அடியில் ஒரு தகர டப்பாவை வையுங்கள், மாலையில் எடுத்து ஆட்டுக்கு ஊற்றுங்கள் என்றேன். டப்பா வைத்தார். டப்பா நிறைகிற வேகம் மாறினால் கிளாண்டில் ஏதோ மாறியிருக்கிறது என்று அவரே இப்போது கண்டுபிடித்துச் சொல்கிறார்.

முறுக்காமலே விட்டுவிடலாமா என்றால் அதுவும் தப்பு. கேணிப் பம்பு கீழே இருந்து உறிஞ்சுகிற பம்பு. கிளாண்டு ரொம்பத் தளர்ந்துவிட்டால் அந்த வழியாகக் காற்றை இழுத்துக்கொள்ளும். காற்று புகுந்தால் தண்ணீர் ஏறாது. நாம் என்ன செய்வோம்? ஃபுட் வால்வுதான் சரியில்லை என்று முடிவுகட்டி, சாணியைக் கரைத்து மேலே ஊற்றுவோம். குற்றவாளி கொட்டகைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பான். சொட்டு அறவே இல்லை, பம்பும் தண்ணீர் பிடிக்கவில்லை என்றால், சாணி கரைப்பதற்கு முன்னால் கிளாண்டின் மேல் கொஞ்சம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். உள்ளே உறிஞ்சிக்கொண்டால் காரணம் அங்கேதான்.

கயிறு மாற்றுவதில் ஒரு முறை இருக்கிறது. காரைக்காலில் ஒரு வயதான மெக்கானிக் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர் முதலில் பழைய கயிற்றைக் கடைசித் துணுக்கு வரை கொக்கியால் எடுத்துவிடுவார். பழசின்மேல் புதுசை வைப்பதை அவர் ஒருபோதும் ஒப்பியதில்லை. அழுக்கு வேட்டிமேல் சலவை வேட்டி கட்டுவியா என்று கேட்பார். பிறகு சாப்ட்டின் கனத்திலேயே இருக்கிற ஒரு துண்டுக் கம்பியில் புதுக் கயிற்றைச் சுற்றி, வளையம் வளையமாகத் தனித்தனியாக வெட்டுவார். வெட்டு சாய்வாக இருக்கும். ஒவ்வொரு வளையத்தையும் தனியாக உள்ளே தள்ளுவார். முதல் வளையத்தின் இணைப்பு மணி பன்னிரண்டில் இருந்தால் அடுத்தது நாலில், அதற்கடுத்தது எட்டில். இணைப்புகள் ஒரே நேர்கோட்டில் வந்தால் தண்ணீருக்கு ராஜபாட்டை போட்டுக் கொடுத்த மாதிரி. நம் பக்கத்தில் பலர் ஒரே நீளக் கயிற்றைப் பம்பரத்துக்குச் சுற்றுகிற மாதிரி சுற்றித் திணித்துவிடுகிறார்கள். தண்ணீரும் அதே சுற்றில் சுற்றி வெளியே வரும்.

நட்டைக் கையால் முறுக்கும் அளவுக்கு முறுக்கி நிறுத்திக்கொண்டு இன்ஜினை ஓடவிடுவார். ஆரம்பத்தில் தாராளமாக ஒழுகும், அதற்குப் பதற மாட்டார். கயிறு படிந்து உட்கார நேரம் கொடுத்து, பிறகு நட்டை ஒரு பக்கமாக ஒரு மயிரிழை, காத்திருந்து இன்னொரு மயிரிழை. சொட்டு கணக்குக்கு வந்ததும் லாக் நட்டைப் பிடித்து இறுக்குவார். அந்த லாக் நட்டை மறந்தால் அதிர்விலேயே எல்லாம் தளர்ந்துவிடும். கடைசியாகப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைப்பார். வெதுவெதுப்பு வரை சரி. கையை எடுக்க வைக்கிற சூடு என்றால் நட்டைத் தளர்த்து. இதற்கு எந்த மீட்டரும் வேண்டாம்.

இதை அலட்சியம் செய்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கோப்புகளில் நான் பார்த்தது ஒன்று உண்டு. புயலில் போன படகுக்குக் கோப்பு தடியாக இருக்கும், படம், மகஜர், சாட்சி எல்லாம் இருக்கும். காற்றே இல்லாத இரவில், கட்டிப்போட்ட இடத்திலேயே மூழ்கிய படகுக்கு ‘நீர் புகுந்து மூழ்கியது’ என்று ஒரே வரி. நீர் எந்த வழியாகப் புகுந்தது என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது. சாப்ட்டுக் குழாயையும் கிளாண்டையும் இணைக்கிற ரப்பர் ஹோஸ் ஒன்று படகில் இருக்கும். அது வெடித்தாலோ, துருப்பிடித்த கிளிப் விட்டுக்கொடுத்தாலோ போதும். ஓர் அங்குலம் விட்டமுள்ள ஓட்டை, தண்ணீர் மட்டத்துக்கு 2 அடி கீழே இருந்தால், மணிக்கு 3,500 லிட்டருக்குக் குறையாமல் உள்ளே கொட்டும். படகின் அடியில் இருக்கிற சின்ன பேட்டரிப் பம்பு அதோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டும்? ஒரு குடும்பத்தின் வீட்டுப் பத்திரமும் நகையும் அந்தப் படகாகத்தான் மிதந்துகொண்டிருக்கிறது. ஆகவே ஹோஸின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளிப் போட வேண்டும் என்பதில் எனக்குச் சமரசம் இல்லை.

பெரிய கப்பலுக்கும் இதே கதைதான். நம் பக்கத்திலிருந்து மலேயா போய் வந்தவர்கள் வீட்டில் இந்தக் கப்பலின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1941 டிசம்பர் 10ஆம் தேதி, குவாந்தான் கடலில் ஜப்பானிய விமானங்கள் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரண்டு ஆங்கிலப் போர்க்கப்பல்களை மூழ்கடித்தன. ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ அன்றைக்குப் புத்தம் புதுக் கப்பல். ஆரம்பத்திலேயே ஒரு டார்பிடோ பின்பக்கம் காத்தாடிச் சாப்ட்டு ஒன்றைத் தாங்கும் இடத்தில் அடித்தது. வளைந்த சாப்ட்டு நிற்காமல் சுழன்றதில், அது கடந்துபோகிற தடுப்புச் சுவர்களின் கிளாண்டுகளெல்லாம் கிழிந்தன. சாப்ட்டுச் சுரங்கம் வழியாகக் கடல் உள்ளே வந்தது, மின்சாரமும் பெரும்பகுதி போயிற்று. அதன்பின் பீரங்கியைத் திருப்பவே சிரமப்பட்ட கப்பலைப் பின்னால் வந்த டார்பிடோக்கள் முடித்துவிட்டன. அவ்வளவு கனத்த இரும்புத் தகட்டுக்கு நடுவே பலவீனமான இடம் சாப்ட்டு போகிற வழிதான்.

சந்தோஷமான விஷயத்துக்கு வருகிறேன். 2024 அக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் கடற்படையின் இரண்டு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றக் கிளம்பி, 2025 மே 29ஆம் தேதி திரும்பினார்கள். லெப்டினன்ட் கமாண்டர் தில்னாவோடு போன லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி புதுச்சேரிப் பெண். காரைக்கால்காரனுக்கு அது பக்கத்து வீட்டுப் பெண் மாதிரிதான். தொலைக்காட்சியில் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன். ஐம்பத்தாறு அடிப் படகு, இரண்டே பேர், தென் அமெரிக்காவின் கேப் ஹார்ன் முனை உட்பட சுமார் 25,000 கடல் மைல்.

பாய்மரப் படகுக்கு எதற்குச் சாப்ட்டு என்று கேட்கலாம். துறைமுகத்துக்குள் நுழையவும் காற்றில்லாத நேரத்துக்கும் இப்போதெல்லாம் இந்த மாதிரிப் படகுகளில் சின்ன இன்ஜின் இருக்கும். இதில் ஒரு வேடிக்கை. இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாயில் ஓடும்போதும், கியரில் பூட்டாவிட்டால், ஓடுகிற தண்ணீரே காத்தாடியைச் சுற்றிவிடும். இன்ஜின் மணிக்கணக்கைப் பார்த்து ‘சாப்ட்டு அதிகம் ஓடவில்லை’ என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். இன்ஜின் தூங்கினாலும் கிளாண்டு வேலை செய்துகொண்டிருக்கும்.

இந்த ரகப் படகுகளில் இன்று பலர் ‘சொட்டாத சீல்’ வகைகளுக்கு மாறிவிட்டார்கள். ஒரு வகையில், சாப்ட்டோடு சுற்றுகிற எஃகு வளையத்தின் முகத்தில் ஒரு கார்பன் வளையம் ஒட்டி உரசும், ரப்பர் துருத்தி ஒன்று அதை அமுக்கிப் பிடித்திருக்கும். இன்னொரு வகையில் ரப்பர் உதடுகள் சாப்ட்டைக் கவ்வியிருக்கும். நல்ல சாமான்கள்தான், மறுக்கவில்லை. படகின் அடி உலர்ந்திருக்கும், உப்புநீர் தெறித்து ஒயர்களைத் தின்னாது. என் சண்டை விற்கிறவர்கள் சொல்கிற ‘பராமரிப்பே தேவையில்லை’ என்ற வசனத்தோடு. வால்வோ பென்டா கம்பெனியின் ரப்பர் சீலுக்கு அந்தக் கம்பெனியே சொல்வது, 500 மணி நேரம் அல்லது 5 வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்று, வருடம் ஒருமுறை கிரீஸ் போடு என்று. படகைத் தண்ணீரில் இறக்கியவுடன் உதட்டை விரலால் அமுக்கி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் சீல் வறண்டு ஓடும். கார்பன் வகைக்கும் அப்படித்தான், இறக்கியதும் துருத்தியைப் பின்னால் இழுத்துத் தண்ணீர் வரவிட வேண்டும். பார்த்தீர்களா? சொட்டாத சீலுக்கும் உள்ளே தண்ணீர் வேண்டும், வெளியே காட்டாது, அவ்வளவுதான்.

வெளியே காட்டாததில்தான் ஆபத்தும் இருக்கிறது. கயிறு கிளாண்டு கெட்டுப்போவதற்கு முன்னால் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும், மூன்று சொட்டு பத்தாகும், பத்து இருபதாகும். ரப்பர் துருத்தி கடைசி நாள் வரை உலர்ந்த முகத்தோடு இருந்துவிட்டு ஒரே தடவையில் கிழியும். கடற்படைப் படகுக்குப் பட்டியல் வைத்துப் பார்க்க ஆள் இருக்கிறது, தேதி வந்தால் மாற்றிவிடுவார்கள். அவர்களுக்குப் புது சீல் பொருத்தம். ஒரே படகு வைத்திருக்கிற மீனவருக்குக் கயிறுதான் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். நடுக்கடலில் ஒழுகினால் ஒரு ஸ்பேனரும் ஒரு முழம் கயிறும் போதும். கார்பன் வளையம் உடைந்தால் நடுக்கடலில் எங்கே வாங்குவது?

கிழக்குக் கடற்கரையில் வருடம்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது அப்போதுதான். கிளாண்டுக் கயிற்றை மாற்றவும், சாப்ட்டில் பள்ளம் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்கவும், ஹோஸை அமுக்கிப் பார்க்கவும் வருடத்தில் கிடைக்கிற ஒரே நல்ல சந்தர்ப்பம் அது. ஆனால் பெயின்டுக்கும் பெயர் எழுதவும் செலவாகிற காசில் நூறில் ஒரு பங்கு இதற்குப் போவதில்லை. பெயின்டு ஊருக்குத் தெரியும், கிளாண்டு பலகைக்கு அடியில் இருட்டில் இருக்கிறது. தடைக்காலம் முடிந்து இறங்குகிற ஒவ்வொரு படகிலும், இறக்கியபின் ஒருவர் டார்ச்சோடு உள்ளே போய்ச் சொட்டை எண்ணிப் பார்த்த பிறகுதான் கயிற்றை அவிழ்க்க வேண்டும் என்று சங்கங்கள் தாமாகவே ஒரு விதி வைத்துக்கொண்டால் என்ன? சர்க்கார் ஆணை வேண்டாம். ஆணை வந்தால் படிவம் வரும், படிவம் வந்தால் டார்ச் போகாது, கையெழுத்து மட்டும் போகும். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன், தெரிந்துதான் சொல்கிறேன்.

நம் வேப்பந்தட்டைக்கும் ஒரு வேண்டுகோள். மானியத்திலோ சொந்தக் காசிலோ பம்பு வாங்குகிற பிள்ளைகளுக்கு, விற்கிறவர் கயிறு மாற்றிக் காட்டிவிட்டுப் போக வேண்டும். அரை மணி நேர வேலை. கயிற்றின் கனம் தெரியாமல் கடையில் போய் நிற்கிறார்கள். சாப்ட்டுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு கனம், பழைய கயிற்றை வைத்து அளக்கக் கூடாது, அது நசுங்கியிருக்கும். இதைச் சொல்லிக் கொடுக்கக்கூட ஆள் குறைந்துகொண்டே வருகிறார்கள். போர்வெல்லில் நீர்மூழ்கி மோட்டார் வந்த பிறகு இளவட்டங்கள் பலர் கிளாண்டைக் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனால் திறந்த கேணிகள் இன்னும் இருக்கின்றன, அவற்றில் மோட்டார்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

மச்சினர் கேணியில் போன வாரம் நாங்கள் இருவரும் கயிறு மாற்றினோம். அவருக்கு மூன்று வளையம் வெட்டத் தெரிந்துவிட்டது, நாலாவதை நான் வெட்டினேன், கண் சரியாகத் தெரியாததால் சாய்வு கொஞ்சம் பிசகிற்று, அதை எடுத்துப் போட்டுவிட்டு அவரே இன்னொன்று வெட்டிக்கொண்டார். முதல் நாள் நிறையவே ஒழுகியது. நேற்று மாலை கடிகாரத்தை வைத்து எண்ணினோம், நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு. பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. ஸ்பேனரைக் கொட்டகையில் வைக்காமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.